எனக்குப் போட்ட நாற்காலி

1

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பை நிறையப் பெயிண்ட் உருளைகள் இருக்கின்றன. உறைகூடப் பிரிக்கவில்லை. இங்கே பிரான்சிலிருந்து விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, வில்லியனூர் தாண்டி எங்கள் கிராமம் வரைக்கும் போய், அப்படியே திரும்பி வந்தவை. நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியார் அந்துவான் என்னைப் பிடித்துக்கொண்டு, "பிலோமினா, அந்த உருளைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் போய்வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியும். அவர்கள் சொல்வது அவர்கள் பக்கத்துக் கதை. இது என் பக்கத்துக் கதை.

எங்கள் ஊர் வில்லியனூரிலிருந்து ஏம்பலம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு சின்ன மாதா கோயில், அதை ஒட்டி ஒரே நீளமாக ஒரு தெரு, தெரு முடிகிற இடத்தில் வயல். அங்கே பிறந்து வளர்ந்து, கல்யாணம் ஆகி இங்கே வந்தேன். என் கணவரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரிப் பக்கம் அந்த மாதிரிக் குடும்பத்தைச் 'சொல்தா வீடு' என்பார்கள். சொல்தா வீட்டுக்கு வாக்கப்பட்டவள் பாரீஸில் இருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. பாரீஸ் இல்லை, அங்கிருந்து ரயிலில் வெகுநேரம் போகவேண்டிய சின்ன ஊர் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு வேலை. தலையில் வலை, கையில் கரண்டி. தட்டை நீட்டும் பிள்ளைகளுக்குப் பரிமாறுவேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பனியும் அரையிருட்டுமாக இருக்கும். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண் சொக்கிவிடும். அது முழுத் தூக்கமும் இல்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் நிற்கப்போகும் இடங்களைச் சொல்லிக்கொண்டே வரும். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் வில்லியனூர் என்னும், கரிக்கலாம்பாக்கம் என்னும், அடுத்து பாகூர் என்னும். கதவு திறக்கும்போது வெட்டிய கரும்பின் வாசனை உள்ளே வரும். யாரோ கூடையைக் கால்மாட்டில் வைத்து, 'தள்ளி குந்துமா' என்பார்கள். நானும் தள்ளி உட்கார்வேன். நிஜமாகவே தள்ளி உட்கார்ந்திருப்பேன், பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் இறங்கவேண்டிய இடத்தில் சரியாக விழிப்பு வந்துவிடும். இது நோயா பழக்கமா என்று தெரியவில்லை.

2

எங்கள் பங்கில் இளைஞர்களும் பெரியவர்கள் சிலருமாகச் சேர்ந்து அவ்வப்போது ஏதாவது ஒரு நாட்டுக்கு ஊழியப் பயணம் போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு வேலி கட்டுவது, கோயிலுக்குக் கூரை போடுவது என்று கையால் ஒரு வேலையைச் செய்து கொடுத்துவிட்டு வருவார்கள். இந்த முறை இந்தியா என்று முடிவானது. அந்துவான் சாமியார் என்னிடம் வந்து, "உங்கள் கிராமத்துக்கே போகலாமா?" என்றார். நான் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை வந்தது. என் ஊர் ஏழை ஊரா? ஏழை ஊர்தான். ஆனால் அதை நான் சொல்லிக்கொள்ளலாம், இன்னொருவர் சொல்லக் கேட்க முடியாது.

அண்ணனிடம் போனில் கேட்டேன். என் அண்ணன் ஞானப்பிரகாசம்தான் ஊரில் மாதா கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர். "கோயிலு செவுத்துல சுண்ணாம்பு உரிஞ்சிக்கினு கீது. வேற இன்னா வேல கீது இங்க" என்றார். அதுவே வேலையாக முடிவானது. கோயிலுக்குப் பெயிண்ட் அடிப்பது, திருவிழாவுக்கு முன் முடித்துக் கொடுப்பது.

அதற்கப்புறம் சனிக்கிழமை தோறும் பங்கு மண்டபத்தில் ஆயத்தக் கூட்டம். என்னை வாத்தியாராக உட்காரவைத்துவிட்டார்கள். வலது கையால் சாப்பிடுவது, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது, உதட்டில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். குழுவுக்குத் தலைவி மொனிக் என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ். நல்ல தாட்டியான உடம்பு, எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். அண்ணாந்து குடிக்கிறேன் என்று வாராவாரம் சட்டையை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கடைசி வாரம் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

"நான் உதவட்டுமா என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று மொனிக் ஒருநாள் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவில் அப்படிக் கேட்டவரை நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டில் ஒருத்தி அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தால், இன்னொருத்தி வெங்காயக் கூடையை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். கேட்டுவிட்டுச் செய்கிறவள் அயலாள். அவளுக்கு 'வேணாங்க, நீங்க குந்துங்க' என்கிற பதில்தான் கிடைக்கும். இதைச் சொன்னேன்.

"அப்படியானால் என்ன சொல்லவேண்டும்?"

"ஒன்றும் சொல்லக்கூடாது. செய்துவிட வேண்டும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அது அவ்வளவு சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். வாத்தியாரம்மா என்கிற மிதப்பில் அதைச் சொல்லாமல் விட்டேன்.

அந்துவான் சாமியார் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே வார்த்தையில் முடிப்பார். ஊழியனின் மனத்தோடு போகவேண்டும். நாம் எசமானர்களாகப் போகவில்லை, பணிவிடை செய்யப் போகிறோம். அவர் மனதாரச் சொல்கிறவர். இருந்தாலும் அதைக் கேட்கும்போது எனக்குள் ஒரு முணுமுணுப்பு எழும். என் அப்பா பண்ணையாள். அவருடைய அப்பாவும் அப்படித்தான். பண்ணை வீட்டு வாசலில் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற ஆட்கள். அவர்களை உட்காரச் சொல்லி யாரும் ஒரு மணைகூடப் போட்டதில்லை. அண்ணன் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது பிளாஸ்டிக் நாற்காலி. அப்பா அதில் உட்காராமல் ரெண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தார். இன்று எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் போனாலும், தண்ணீர்ச் செம்புக்கு முன்னால் நாற்காலி வந்துவிடும். துண்டால் ஒரு தட்டுத் தட்டி, 'குந்துங்க' என்பார்கள். அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் இல்லை.

ஊழியத்திலிருந்து எழுந்து ஒரு நாற்காலியில் உட்கார எங்களுக்குத் தலைமுறைகள் ஆகியிருக்கின்றன. இவர்கள் ஊசி போட்டுக்கொண்டு, லீவு போட்டுவிட்டு, ஊழியத்தைக் கற்றுக்கொள்ள அங்கே போகிறார்கள். இதை ஒரு சாமியாரிடம் எப்படிச் சொல்வது? கோபமும் இல்லை எனக்கு. வேடிக்கையாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஏனென்றால் அந்த நாற்காலி எனக்கும் உண்டு. லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் என் வீட்டிலேயே எனக்கு நாற்காலி போடுகிறார்கள். முதல் தடவை பெருமையாக இருந்தது. போகப் போக, அதில் உட்கார்ந்தால் கால் தரையில் பாவாத மாதிரி ஒரு மிதப்பு. அண்ணி ஓடி ஓடி வேலை செய்வார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்தால், 'நீ குந்து பிலோ' என்பார். இந்த முறை ஊழியம் செய்யப் போகிற கூட்டத்தோடு போகிறோமே, இப்போதாவது என் வீட்டில் எனக்கொரு வேலை கொடுப்பார்களா? என் ஆயத்தமெல்லாம் இந்த ஒரு ஆசைதான். வெளியே சொல்லவில்லை.

3

என் மகள் கிளேருக்கு வேறு ஆசை. அவள் இங்கேயே பிறந்தவள், கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் புரியும், பேசினால் துண்டுதுண்டாக வரும். என்னை 'மமோன்' என்றுதான் கூப்பிடுவாள், இங்கத்திய பிள்ளைகளைப் போல. அம்மா என்பது அவளுக்கு என்னைப் பற்றி மற்றவரிடம் சொல்லும்போது வருகிற வார்த்தை. ஊருக்குச் சின்ன வயதில் கூட்டிப் போயிருக்கிறேன். அந்தப் பயணத்தில் அவளுக்கு ஞாபகம் இருப்பது காய்ச்சலும் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டியும்தான்.

சாமியார் பயணத்தைப் பற்றி அறிவித்த அன்றே பெயர் கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"உனக்கு அங்கே எல்லாம் இருக்கிறது. எனக்கு ஒன்றுமே இல்லை. நான் பெயிண்ட் அடித்த ஒரு சுவராவது அங்கே இருக்கட்டும்" என்றாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிள்ளைகள் நம்மை விட்டு நழுவிப் போகிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொரு தாயும் புலம்புகிறாள். நானும் புலம்பியவள்தான். இந்தப் பெண் நழுவிப் போகிற வழியிலேயே ஒரு சுவரைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

விசா எடுக்கும் இடத்தில் ஒரு கூத்து நடந்தது. பயணத்தின் நோக்கம் என்று கேட்ட இடத்தில் கிளேர் அழகான பிரெஞ்சில் இரண்டு வரி எழுதிவிட்டாள். ஊழியம், மனம் என்றெல்லாம் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திருப்பித் தள்ளி, இருக்கிற கட்டங்களில் ஒன்றில் குறி போடுங்கள் என்றார். சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்ப்பது. மொனிக்கும் மற்றவர்களும் சுற்றுலாவில் போட்டார்கள். கிளேர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். "மமோன், உன் அண்ணன் எனக்கு மாமாவா, பெரியப்பாவா?"

"மாமா."

உறவினர் கட்டத்தில் அழுத்திக் குறி போட்டாள். வெளியே வந்ததும், "எல்லோரும் சுற்றுலா, நான் மட்டும் உறவு" என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரிக்காமலே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அண்ணன் போன் பண்ணினார். பயணம், வேன், தங்குகிற இடம் எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும்போது கேட்டார்.

"பிலோ, கோயிலுக்கு இன்னா கலரு அடிக்கப் போறாங்கோ?"

"வெளிர் நீலம்ண்ணா. மாதாவோட முக்காடு கலரு."

"பாதி செவுரா, முழு செவுரா?"

"முழுசா."

"சரி சரி" என்று வைத்துவிட்டார். அண்ணனுக்குக் கோயில் காரியத்தில் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

4

புறப்படுவதற்கு முந்தின நாள் வழியனுப்புப் பூசை. குழுவில் இருக்கிறவர்களின் பாதங்களை அந்துவான் சாமியார் கழுவுவார் என்றார்கள். மற்றவர்கள் வேலையிலிருந்து நேராக வந்து, உட்கார்ந்து, காலுறையைக் கழற்றினார்கள். நான் மட்டும் மத்தியானமே வீட்டுக்குப் போய், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தேன். கிளேர் கதவருகில் நின்று, "எப்படியும் அவர் கழுவத்தானே போகிறார்?" என்றாள்.

இதை அவளுக்கு எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் பெரிய வியாழன் பூசைக்கு ஒரு வருஷம் அப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரவேண்டும், சீடர்களுக்கு ஆண்டவர் செய்ததைப் போலச் சாமியார் காலைக் கழுவி முத்தமிடுவார். அப்பா அன்றைக்கு வயலுக்குப் போகவில்லை. கிணற்றடியில் குந்திக்கொண்டு செங்கல் துண்டால் பாதத்தைத் தேய்த்தார். வெடிப்புகளுக்குள் இருந்த சேறு ஒரு வாழ்நாள் சேறு, அது சுலபத்தில் போகவில்லை. ரத்தம் கசியும்வரை தேய்த்தார். அம்மா திட்டியதற்கு, "சாமியாரு கை வெக்கிற காலுடி. நம்ம அழுக்க அவரு கையில குடுக்கறதா?" என்றார். அன்று மாலை கோயிலில் பன்னிரண்டு பேரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் ஊற்றிய தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்தது தெளிவாக அப்படியே இருந்தது.

எங்கள் சனம் அப்படி. கழுவ ஒருவர் வருகிறார் என்றால், அவர் வருவதற்குள் நாங்களே கழுவிவிடுவோம். இது தெரிந்திருந்தும் அண்ணன் கலர் கேட்டபோது எனக்குப் பொறி தட்டவில்லை.

5

வேன் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அறுவடை முடிந்து வயலெல்லாம் வெட்டவெளியாகக் கிடந்தது. வைக்கோல் வாசனை வேனுக்குள் நிறைந்தது. இது ரயிலில் வருகிற வாசனையா நிஜ வாசனையா என்று ஒரு நொடி குழம்பி, ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் வளைவு திரும்பியது. கிளேர் என் கையைப் பிடித்தாள்.

கோயில் வெளிர் நீலத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பாதிச் சுவர் இல்லை, முழுச் சுவரும். ஜன்னல் விளிம்புக்கு வெள்ளை, கதவுக்குப் புது வார்னிஷ். முன்னால் பந்தல். பந்தலுக்குள் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். தெருவே கூடி நின்றது. அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் மாலையோடு முன்னால் வந்தார்.

அந்துவான் சாமியார் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மொனிக்கின் தோளில் உருளைப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அண்ணனை ஓரமாக இழுத்தேன். "இன்னாண்ணா இது? பெயிண்ட் அடிக்கத்தானே இம்மாந்தூரம் வந்திருக்காங்க?"

அண்ணனுக்கு என் கேள்வியே புரியவில்லை. "அதுக்கு? வெளியூரு சனம் வரும்போது மாதா வூடு அழுக்கா இருந்தா நமக்கு வெக்கமா இல்ல? சனி ஞாயிறு தெரு புள்ளைங்கள வெச்சி அடிச்சி முடிச்சிட்டோம். நீ சொன்ன கலருதான். நல்லா கீதா இல்லியா?"

"நல்லா இருக்குண்ணா."

அதைத்தான் பிரெஞ்சிலும் சொன்னேன். நம்மை வரவேற்பதற்காக அவர்களே அடித்துவிட்டார்கள் என்றேன். மொனிக் புன்னகையோடு கேட்டுக்கொண்டு, ரொம்ப மெதுவாக, "பிறகு நாம் எதற்கு வந்தோம்?" என்றாள். அதற்குள் எல்லோரையும் தோளைப் பிடித்து உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி. அண்ணி சகாயமேரி புடவைத் தலைப்பால் துடைத்து, "குந்து பிலோ, எம்மா நேரம் வண்டில வந்த" என்றார். கிளேருக்கு என் பக்கத்தில். அவள் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நீலச் சுவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "புழுதி" என்று எனக்குச் சொன்னாள். அவளுக்காக ஒரு கை அகலச் சுவரையாவது விட்டுவைத்திருக்கக்கூடாதா என்று அண்ணன் மேல் கோபம் வந்தது. அவர் வாங்கிக் கொடுத்த பலகாரத்தைத் தின்றுகொண்டேதான் கோபப்பட்டேன்.

அடுத்த நாட்கள் கனவில் நடப்பதைப் போலப் போயின. எழுந்தால் காபி, காபி முடிந்தால் இட்லி, இட்லி முடிந்தால் யாராவது ஒருவர் வீட்டுக்கு அழைப்பு, அங்கே நாற்காலி. மொனிக் நான் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றும் கேட்காமல் துடைப்பத்தை எடுத்தாள். எங்கிருந்தோ மூன்று பெண்கள் ஓடிவந்து பிடுங்கினார்கள். சாமியார் பந்தக்காலைத் தூக்கப் போனார், ஒரு பையன் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தான். பாகூர் ஏரியைக் காட்டக் கூட்டிப் போனார்கள், மணப்பட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். போன இடத்திலெல்லாம் சாப்பாட்டுத் தூக்கு கூடவே வந்தது. மணப்பட்டில் அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போக, சாமியார் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் கால்களை நீர் ஒருபோதும் கழுவக்கூடாது என்று ஆண்டவரிடம் பேதுரு சொன்னாரே" என்றார் என்னிடம். "வருஷா வருஷம் அதைப் பற்றிப் பிரசங்கம் வைத்திருக்கிறேன். பேதுரு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று இந்த வாரம்தான் தெரிகிறது."

அதற்கப்புறம் அவர் எதையும் தூக்கப் போகவில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், இன்னும் ஒரு கரண்டி என்றால் இலையை மறைக்காமல் வாங்கிக்கொண்டார். தெருவில் அவருக்கு நல்ல பெயர்.

எனக்குத்தான் அடங்கவில்லை. ஒரு காலையில் அடுப்படிக்குப் போய், நின்றுகொண்டிருந்த அண்ணியின் பக்கத்தில் முறத்தை எடுத்தேன். அண்ணி முறத்தை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"நீ எதுக்கு பிலோ? போ, போய் உங்க ஆளுங்களாண்ட பேசிக்கினு இரு."

உங்க ஆளுங்க. அண்ணி குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் சுருக்கென்றது. நான் பிறந்த வீட்டில் என்னை வெள்ளைக்காரர்களோடு சேர்த்து எண்ணிவிட்டார்கள். வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோழி ஒன்று என் காலடியில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

6

திருவிழாவுக்கு எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே சமையல். கோயிலுக்குப் பின்னால் கல் அடுப்பு மூட்டி அண்டாக்கள் ஏறின. காலைப் பூசை, சப்பரம் தெருவைச் சுற்றி வருவது, அப்புறம் பந்தி. கிளேர் கொண்டுவந்திருந்த உடைகளெல்லாம் வியர்வையில் நனைந்து போயிருந்தன. அண்ணியின் மகள் ஜெனி தன்னுடைய சுடிதார் ஒன்றைக் கொடுத்து, தலையை இழுத்துப் பின்னி, கனகாம்பரமும் வைத்துவிட்டாள். ஜெனிக்கும் கிளேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே உயரம்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த நேரம். நான் பந்தலில் என் நாற்காலியில். கிளேர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் பின்னாலிருந்து அண்ணி வந்தார். விடிந்ததிலிருந்து அடுப்பில் நின்றவர், முகமெல்லாம் கரி. கண்ணில் பட்டது ஜெனியின் சுடிதாரும் பின்னலும்தான்.

"ஏண்டி, அங்க மலையாட்டம் ஏனம் கெடக்குது, இங்க மகாராணி மாதிரி போன நோண்டிக்கினு குந்தினுகீறியா? எழுந்திருடி. தண்ணி நின்னுடப் போவுது. வந்து தேய்க்கிறியா, முதுவுல ரெண்டு வெக்கட்டா?"

கிளேர் துள்ளி எழுந்து திரும்பினாள். அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அய்யய்ய, நீயா பாப்பா? ஜெனின்னு நெனச்சிட்டேன். நீ குந்து கண்ணு, நீ குந்து."

கிளேர் உட்காரவில்லை. துப்பட்டாவைக் கழுத்திலிருந்து இழுத்தாள். முகம் சிவந்திருந்தது. அவளுடைய உடைந்த தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"இல்ல அத்தை. என்னைத்தான் சொன்னீங்க."

அண்ணி அவளையே பார்த்தார்.  வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் பெண் உடைந்துபோவாள் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் ஏதோ தெரிந்திருக்கவேண்டும். அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை அளந்துவிட்டு, "துப்பட்டாவ இடுப்புல இறுக்கிக் கட்டு. அவுந்து அவுந்து வுழும்" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் அந்த வேலை கலைந்துவிடும் என்று பயம். அங்கிருந்தே பார்த்தேன். அண்டாவின் அடியில் சோறு தீய்ந்து ஒட்டியிருந்தது. கிளேர் குத்துக்காலிடத் தெரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, தேங்காய் நாரால் தேய்த்தாள். "அப்டி தடவிக் குடுத்தா போவாதுடி, வெரல அழுத்து" என்று அண்ணியின் குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வுட்ட பாரு, அந்த காதாண்ட." கொஞ்ச நேரம் கழித்து ஜெனியும் வந்து சேர்ந்துகொண்டாள். மொனிக் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கம் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளேரைத் திட்டுகிறார்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரத்தில் வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பொறாமையாகவும் இருந்தது. என்னை அந்த வீட்டில் திட்டி எத்தனை வருஷம் ஆகிறது.

நீலச் சுவர் வெயிலில் தகதகத்தது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் தூக்கத்தில் கேட்பதைப் போல எங்கோ தூரத்தில் கேட்டது. கண் சொக்கியது. வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம் என்று குரல் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அம்மா."

யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தேன்.

"எம்மா. குந்திக்கினு இருக்காத. தண்ணி எட்தா."

கிளேர். முழங்கை வரைக்கும் கரி, முகத்தில் கனகாம்பரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தையின் குரலையும் இழுப்பையும் அப்படியே எடுத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை என் பக்கம் காலால் தள்ளினாள். நான் அண்ணியைப் பார்த்தேன். 'நீ குந்து பிலோ' என்கிற வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை. அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே, "ரெண்டு கொடமா எட்தா. சீக்கிரம் போ, நின்னுடும்" என்றார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தி வைக்கவில்லை. கரியேறிய அண்டாக்களுக்கு நடுவில் புகுந்து இன்னொரு குடத்தையும் எடுத்துக்கொண்டேன்.

தெருக்குழாயடியில் கூட்டம். கொம்யூன் பஞ்சாயத்து விடுகிற தண்ணீர், திருவிழா நாளில் சீக்கிரமே மெலிந்துவிடும். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அந்தப் பக்கம் போனால், 'வாம்மா, நீ புடிச்சிக்க' என்று வழிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் நான் நேராகப் போய் முன்னால் குடத்தை நீட்டிவிட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவள் சின்ன வயதில் என்னோடு கோயிலில் உபதேசம் படித்த லூர்து. என் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், அண்டாக் கரி பட்ட புடவையைப் பார்த்தாள்.

"இன்னா பிலோ, நடுவுல பூந்து புடிக்கிற? நாங்கல்லாம் மனுசங்களா தெரியலியா? போய் வரிசைல வெய்யி கொடத்த."

போய் வரிசையின் கடைசியில் வைத்தேன்.